தாள் சாஞ்ச வெங்காயம்

அந்த சேர்ல குந்தாதீங்க சார், அதுக்கு ஒரு காலு ஆட்டம். தோ, இந்த ஸ்டூல்ல குந்துங்க. வெய்யிலு மண்டய பொளக்குது, போலீஸ் டேசன்லேர்ந்து இம்மா தூரம் வண்டியில வந்துகீறீங்க, மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடிங்க. பைலு எங்கயும் ஓடிடாது. ஏழு மாசம் கழிச்சி பாஸ்போட்டு விசாரணைக்கு வந்துகீறீங்க, இன்னும் பத்து நிமிசம் ஆனா இன்னா ஆய்டப்போவுது.

ஐயே, கோச்சிக்காதீங்க சார். உங்கள சொல்லல. நீங்கதான் ஐப்பசி மாசமே ஒரு தபா வந்தீங்களாமே, வூடு பூட்டிகீதுன்னு எழுதி அனுப்பிட்டீங்களாம், எதிர்ல இஸ்திரி போடறவரு சொன்னாரு. கரெக்டுதான். அன்னிக்கி வூடு பூட்டிதான் இருந்திச்சி. ஏன் பூட்டி இருந்திச்சின்னு அப்பால சொல்றேன்.

ஆமா சார், இதான் அட்ரசு. பேரு மதியழகன், தகப்பனார் பேரு வீராசாமி. நான்தான் வீராசாமி. பொறந்ததுலேர்ந்து ஊரப்பாக்கம், வேற ஊரே கெடையாது எங்களுக்கு. போட்டோவுல கீறவன் அவன்தான். மீச அப்பதான் புதுசா வுட்டிருந்தான், போட்டோ புடிக்கறவரு எடுத்துட்டு வாப்பான்னு சொல்லியும் எடுக்கல. வயசு இருவத்தி நாலு. ஏசி மெக்கானிக்கு. மேடவாக்கத்துல கட்டிகீறாங்களே அந்த பெரிய பெரிய பிளாட்டு, அங்கெல்லாம் இவன்தான் போய் ஏசி மாட்டுவான். கேசு கீசு ஒண்ணும் கெடையாது சார். ஒரு சைக்கிள்ல டபுள்ஸ் போனதுக்குகூட மாட்டினதில்ல.

ஆள கூப்புடணுமா. கையெழுத்து அவன்தான் போடணும், தெரியும். சொல்றேன் சார். அதுக்குதானே உங்கள குந்த வெச்சிகீறேன்.

இன்னாது, அதுவா? வெங்காயம் சார். அடடா, பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டீங்களே. இந்த தெருவுல எல்லாம் இன்னா அங்கிள் லில்லியா வெச்சிகீறீங்கன்னு கேக்கறாங்க. நீங்க எந்த பக்கம்? திண்டிவனமா. அப்டி சொல்லுங்க. வேர்க்கடல போடுவீங்க, கம்பு போடுவீங்க. வெங்காயமும் கொஞ்சம் போடுவாங்களா வூட்டுக்கு. அதான் கண்ணு அங்க போவுது.

தாளு சாஞ்சிப் போச்சேன்றீங்க. ஆமா. பத்து நாளு ஆச்சி. தாளு சாஞ்சா உள்ள காயி முத்திப்போச்சி, புடுங்கிடணும், நெழல்ல போட்டு காய வெக்கணும். தெரியும் சார். ஒரு கோட மழ பேஞ்சா அத்தினியும் அழுவி நாறிடும், அதுவும் தெரியும். புடுங்கலாம். இன்னாத்துக்கு இன்னும் புடுங்கலன்னா... அத்த சொல்றதுக்குதான் வாயி வர மாட்டேங்குது.

இது வெங்காயத்த நட்டு வந்தது இல்ல சார். வெத. வெதையிலேர்ந்து வந்தது. ஆங், அதான், எள்ளு மாரி கருப்பா இருக்குமே, அது. இந்த மண்ணுல. நீங்களே மண்ண பாருங்க, எறங்கி ஒரு புடி எடுங்க, கையில ஒட்டிக்கும். ஏரி களிமண்ணு. நெல்லு மண்ணு சார் இது. எங்க அப்பா காலத்துலேர்ந்து நெல்லு தவுத்து ஒண்ணும் போட்டதில்ல. வெங்காயம் போட்டா நக்கலா சிரிப்பாங்க.

நெலம் இன்னா ஆச்சின்னா, வித்துட்டேன். மனையா போட்டு வித்துட்டேன். தோ இந்த தெரு, அடுத்த தெரு, அந்த பச்ச பெயிண்டு பிளாட்டு, அல்லாம் நம்பளுதுதான். ரயிலு வந்தது, ரோடு பெரிசாச்சி, ஏரிக்கு தண்ணி வர வழியில வூடு கட்டிட்டாங்க, அப்பறம் இன்னாத்த நட்டு இன்னாத்த அறுக்கறது. வூட்டு பக்கத்துல இந்த ரெண்டு சென்டு மட்டும் நின்னுபோச்சி. அத்தயும் வித்துருப்பேன், வாஸ்துல மூல தப்பா கீதுன்னு எவனும் வாங்கல.

பையனுக்கு துபாய் போவணும். அவங்கூட வேல செய்றவன் ஒர்த்தன், கார்த்தின்னு, போய் ஒரு வருசம் ஆச்சி, போன் பண்ணி வா மச்சான் வா மச்சான்னுகினே இருந்தான். நான் முடியாதுன்னுட்டேன். ஒரே ஆம்பள புள்ள சார். பொண்ணு ஜெயப்ரியாவ இரும்புலியூர்ல குட்த்துட்டோம். இவனும் போய்ட்டா இங்க நானும் அவங்கம்மாவும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு குந்தணும். அத்த அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. சொல்லல. அப்பன் புள்ளகிட்ட அப்டியெல்லாம் பேசறதா. அதுக்கு பதிலா, சொந்த மண்ண வுட்டு எங்கடா போற அப்டின்னு கத்தினேன்.

அவன் சிரிச்சான் சார். எந்த மண்ணுப்பா, நீதான் அத்தினியும் வித்துட்டியே, மிச்சம் கீற ரெண்டு சென்டுல கொழம்புக்கு ஒரு வெங்காயமாவது மொளைக்குமா, அப்டின்னான். அவங்கம்மா அப்பதான் அருவாமணையில வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தா. அதான் அவன் வாயில வெங்காயம் வந்திச்சி. கத்தரிக்கா அரிஞ்சிகினு இருந்தா கத்தரிக்கான்னு சொல்லியிருப்பான், இன்னிக்கி இந்த கதையே வேற.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சி. சொன்னது நெசம்தானே, நெசத்த சொன்னா ஏறாதா. சரிடா, அந்த ரெண்டு சென்டுல நீ வெங்காயத்த கொண்டாந்து காட்டு. வெங்காயத்த சொருவி வெச்சி இல்ல, அத்த எவன் வேணா செய்வான். வெதையிலேர்ந்து கொண்டா. வெங்காயம் வந்தா நீ போ, வர்லன்னா போவாத. அவங்கம்மா முன்னாடி சொன்னேன் சார். அவன் ஒடனே சரின்னுட்டான். அவனுக்கு இன்னா கணக்குன்னா, பாஸ்போட்டு வரவே நாலஞ்சி மாசம் ஆவும், வெங்காயத்துக்கும் அஞ்சி மாசம், ரெண்டும் ஒண்ணா வந்துடும்னு. அந்த வாரமே ரேசன் கார்டு செராக்ஸ் எடுத்து அப்ளிகேசன் போட்டுட்டான். தோ, உங்க மடியில கீதே, அதான்.

இல்ல சார், பக்கத்து வூட்ல போய் கேக்க வேணாம். ரெண்டு பேரு சாட்சி கையெழுத்து வேணும்னு தெரியும், நானே இட்டாறேன். இப்ப குந்துங்க. நீங்க போய் கேட்டா அவங்க வேற மாரி சொல்லிடுவாங்க. நான் முழுசா சொல்லிட்டு அப்பால நீங்க யார வேணா கேளுங்க.

வெத நான் வாங்கியாறேன்னு சொன்னேன். அவனுக்கு சந்தோசம், அப்பா எறங்கி வராருன்னு. எலெட்ரிக் டிரெயின் புடிச்சி தாம்பரம் போனேன். மார்க்கெட் பக்கம் ஏசுபாதம்னு ஒர்த்தரு, வெத, மருந்து, பூச்செடி தொட்டி அல்லாம் வெச்சிகீறாரு, எனக்கு நெல்லு காலத்துலேர்ந்து பழக்கம். வெங்காய வெத கேட்டேன். புது டப்பா ஒண்ண தொறந்தாரு. நான் இது வேணாம், பழசு கீதான்னேன்.

ஆமா சார். பழசு கேட்டேன்.

உங்க ஊர்ல போடறவங்களுக்கு தெரியும், மத்த வெத மாரி இல்ல, வெங்காய வெத ஒரு வருசம் தாண்டினா செத்துடும். ஏசுபாதமும் அதான் சொன்னாரு. மூணு வருசமா கெடக்குது வீராசாமி, இதுல உயிரு இல்ல, குப்பையில போட வெச்சிகீறேன், இன்னாத்துக்கு உனக்குன்னாரு. சும்மா குடுய்யா, கோழிக்கு போடறதுக்குன்னு சொல்லி வாங்கியாந்தேன். திரும்பி வரசொல்ல டிரெயின்ல குந்திகினு அந்த பொட்லத்த பாத்து சிரிச்சேன் சார். நான் பெரிய கில்லாடின்னு எனக்குள்ள ஒரு நெனப்பு.

அவன் அத்த எப்டி போட்டான்னு நீங்க பாத்திருக்கணும். களிமண்ணு ஆவாதுன்னு எவனோ சொல்லிகீறான், கட்டடம் கட்ற எடத்துலேர்ந்து ஆத்து மணலு நாலு மூட்ட கேட்டு வாங்கியாந்தான். சாம்பல் கலந்தான், எரு கலந்தான், முழங்கை ஒசரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டான். எண்ண டின்னுல ஆணியால ஓட்ட போட்டு பூவாளி மாரி செஞ்சிகினான். காலையில வேலைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு தண்ணி, சாயங்காலம் வந்து சட்டய கூட கழட்டாம ஒரு தண்ணி. மழ வந்தா ஓடிப்போய் தார்பாய இஸ்து மூடுவான். முந்தின வருசம் பேஞ்ச பேய் மழைக்கே பயப்படாதவன், வெதைக்கு பயந்தான்.

பத்து நாள்ல மொளைக்கணும். மொளைக்கல. நான் இங்கதான், நீங்க குந்திகினு கீற எடத்துல குந்தி பேப்பரு படிப்பேன். அவன் பாத்தியாண்ட மண்டிபோட்டு மண்ணையே பாப்பான். ஒரு தபா எதோ புல்லு மொளச்சிச்சி, யப்பா வந்துடுச்சிப்பான்னு கத்திகினு ஓடியாந்தான். நானும் எழுந்து போய் பாத்து, புல்லுடா இதுன்னு சொல்லிட்டு வந்து பேப்பரு படிச்சேன்.

இருவத்தஞ்சி நாளு. அப்பால என் கை ராசி இல்லப்பான்னான் சார். மூஞ்சி தொங்கிப்போச்சி. எனக்கு மனசு ஒரு மாரிதான் ஆச்சி. சொல்லிடலாமான்னு தோணிச்சி. இன்னும் ரெண்டு நாளு போவட்டும், துபாய் நெனப்பு தானா அடங்கிடும், அப்பால இவனுக்கு ஒரு பொண்ண பாத்து முடிச்சிடலாம்னு வுட்டுட்டேன்.

அவனா அடங்கறவன். பொட்லத்துல மீதி கீற வெதய ஈரத்துணியில சுத்தி டிவி மேல வெச்சிகீறான். ஒண்ணுகூட மொள வுடல. ஞாயித்துக்கெழம அந்த துணிய பிரிச்சி என்கிட்ட காட்னான். யப்பா, என் கையில தப்பு இல்லப்பா, வெத தான் செத்துப்போச்சி, பாவம் அந்த கடக்காரரு பாக்காம குட்த்துட்டாரு போல, நானே போய் புதுசு வாங்கியாறேன். என்னய சந்தேகப்படவே இல்ல சார். அவ்ளோ சந்தோசமா கெளம்பினான், கை ராசி நல்லா கீதுன்னு தெரிஞ்ச சந்தோசம். நான் போவாதன்னு சொல்ல வாய தொறந்தேன். ஏசுபாதத்துகிட்ட போனா அல்லாம் வெளிய வந்துடும்ல. ஆனா போவாதன்னு சொன்னா அதுக்கும் காரணம் சொல்லணும். சும்மா இருந்துட்டேன்.

பதினோரு மணிக்கு போன் பண்ணான். தாம்பரம் பிளாட்பாரத்துல நின்னுகினு பேசறான், வண்டி சத்தம் கேக்குது. யப்பா புது வெத வாங்கிட்டேன்னான். ஏசுபாதம் இன்னா சொன்னாருன்னு கேட்டேன். அதுக்கு, வூட்டுக்கு வந்து பேசிக்கலாம்ப்பான்னான்.

அவ்ளோதான். வூட்டுக்கு வந்து பேசிக்கலாம்.

கோவமா சொன்னானா, சிரிச்சிகினு சொன்னானான்னு நீங்க கேக்கலாம். அதான் எனக்கும் தெர்ல. வண்டி சத்தத்துல ஒண்ணும் புரியல. பதினாறு முடிஞ்சி நான் ஏசுபாதத்த போய் பாத்தேன். ஆமா வீராசாமி, கேட்டான், உங்கப்பாதான்டா பழசு வேணும்னு கேட்டு வாங்கினு போனாருன்னு சொல்லிட்டேன், எனக்கு இன்னா தெரியும்னு தலையில அட்சிகினாரு. அவன் இன்னா செஞ்சான்னு கேட்டேன். புது பொட்லத்த வாங்கி சட்ட பாக்கெட்ல வெச்சிகினு, ரெண்டு நிமிசம் அங்கயே நின்னானாம். அப்பால வரேன் சார்னு சொல்ட்டு போனானாம்.

ஆமா சார், பதினாறுன்னுதான் சொன்னேன். கருமாதி.

பேனாவ மூடாதீங்க. இருங்க. நான் அவன் வருவான்னு ஒரு வார்த்த சொல்லல சார், நல்லா நெனச்சி பாருங்க. நீங்களாதான் வருவான்னு நெனச்சிகினீங்க. இந்த ஊரப்பாக்கம் ரயிலு டேசன்ல எல்லாரும் தண்டவாளத்த தாண்டிதான் வராங்க, நானும் தாண்டுவேன், நீங்களும் தாண்டியிருப்பீங்க. பொறந்ததுலேர்ந்து தாண்டினவன் சார் அவன், கண்ண கட்டி வுட்டாலும் தாண்டுவான். அந்தாண்ட லைன்ல எக்ஸ்பிரஸ் வந்தத பாக்கல. இன்னாத்த நெனச்சிகினு வந்தான்னு யாரும் கேக்கல, எல்லாரும் போன் பேசினு வந்துருப்பான்னுட்டாங்க. போன் பாக்கெட்லதான் இருந்திச்சி. நான் சொல்லணும்ல, நான் யாருகிட்டயும் சொல்லல. மொதமொத உங்ககிட்டதான் சொல்றேன். நீங்க வூடு பூட்டிகீதுன்னு எழுதினு போனது அதுக்கு மறுநாளு. நாங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு இருந்தோம், உள்ள அவன அறுத்துகினு இருந்தாங்க.

ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு குட்த்தாங்க. போனு, பர்சு, சீசன் டிக்கெட்டு, வெத பொட்லம். பொட்லத்துல ஒரு ஓரம் மட்டும் கறயா இருந்திச்சி, வெதைக்கு ஒண்ணும் ஆவல.

அவங்கம்மா ரேணுகாம்பா, உள்ளதான் கீறா, வெளிய வர மாட்டா. கருமாதி முடிஞ்ச மறுநாளு அந்த கவர எடுத்தாந்து என் மடியில போட்டா. இத்த போடுன்னா. அதுக்கப்பறம் எங்கிட்ட அதிகமா பேசறதில்ல. அவளுக்கு பழய வெத சமாச்சாரம் தெரியாது சார். தெரியாதுன்னுதான் நெனைக்கறேன். பேசாம கீறத பாத்தா தெரியுமோன்னும் தோணுது. கேக்க தெகிரியம் இல்ல.

அவன் போட்ட அதே பாத்தியிலதான் தூவினேன். மொளைக்கக்கூடாதுன்னு வேண்டிகினேன் சார். சத்தியமா. மொளைக்கலன்னா, பாத்தியாடா, இந்த மண்ணே ஆவாது, எந்த வெத போட்டிருந்தாலும் வந்திருக்காது, நான் செஞ்சதுல ஒண்ணும் இல்லன்னு மனச தேத்திக்கலாம்ல. ஏழாம் நாளு காலையில பாக்கறேன், கொண்ட ஊசி மாரி வளஞ்சி வளஞ்சி பாத்தி பூரா பச்சயா நின்னுகினு கீது. ஒண்ணு வுடாம வந்திச்சி. நான் பாத்தியாண்டயே குந்திட்டேன்.

அப்பால வுட முடியுமா. பொங்கல் முடிஞ்சி நாத்த புடுங்கி ஒண்ணொண்ணா நட்டேன். போரு தண்ணி உப்பா வர ஆரம்பிச்சிச்சி, லாரி தண்ணி புடிச்சி ஊத்தினேன். மத்தியானத்துல நான் கண் அசந்தா அவ வந்து களை எடுப்பா, நான் எழுந்தா உள்ள போய்டுவா. எங்க வூட்ல அஞ்சி மாசமா ரெண்டு பேரும் பேசினு இருந்தது இந்த வெங்காயத்த வெச்சிதான்.

இப்ப சொல்லுங்க, எப்டி புடுங்கறது. புடுங்கி எடுத்துகினு போய் எங்க வெக்கறது. அத்த அரிஞ்சி தாளிச்சி அவ கொழம்பு வெக்கணும், நான் துண்ணணுமா.

இன்னா சார் எழுதறீங்க. விண்ணப்பதாரர் எறந்துட்டார், பைல மூடலாம், அதானே. செர்ட்டிபிகேட்டு செராக்ஸ் உள்ள கீது, நீங்க வருவீங்கன்னு எடுத்து வெச்சிகீறேன், தரேன். உங்க வேல அது, உங்க மேல தப்பு இல்ல. ஆனா ஒண்ணு சார். பந்தயம் போட்டது நாங்க ரெண்டு பேருதான். வெங்காயம் வந்தா நீ போன்னு நான்தான் சொன்னேன். வந்துடுச்சி. தோத்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லணும், அவன் இல்ல. நீங்க அவன் பேரு போட்ட காயிதத்தோட வந்துகீறீங்க. அதுல எதுனா ஒரு ஓரத்துல எடம் இருந்தா எழுதுங்க சார், அப்பனுக்கு சம்மதம், பையன் போலாம்னு.

எடம் இல்லியா. சரி வுடுங்க. செராக்ஸ் எடுத்தாறேன், குந்துங்க.